புழக்கத்துக்கு வராத காசு

ரங்கூனின் தாமுவே பகுதியில் எங்கள் தெருவில் ஒரு தமிழர் இறந்துவிட்டால், பாடை கட்டுகிறவருக்குச் சொல்வதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். எங்களுடையது மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான் எட்டிப் பார்ப்பேன். வந்தவர் வாயைத் திறக்காமல் விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். பிணத்தின் நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டும் என்று அர்த்தம்.

ரங்கூனில் அப்போது காசே கிடையாது. பணம் இருந்தது, எல்லாம் நோட்டு. விலைவாசி ஏற ஏற, பியா என்ற சில்லறையைக் கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். அது கண்ணிலிருந்தே மறைந்துபோனது. ஆனால் நம் சடங்குகளுக்கு நோட்டு ஆகாது. வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் முடிந்துவைக்கக் காசு வேண்டும். மொய்யில் ஒற்றைப்படைக்காகச் சேர்க்கக் காசு வேண்டும். செத்தவர் நெற்றியில் நோட்டையா ஒட்டுவது? என் கணவர் நாணயம் சேர்ப்பவர் என்று தெருவுக்கே தெரியும். தனக்கு உதவாத அலுமினியப் பியாக்களை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் கொட்டிவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாவுக்கான காசை மட்டும் வீட்டுக்காரர் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது எங்கள் ஆட்களிடம் இருந்த வழக்கம். குழந்தை இருக்கும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பு. பெட்டியைத் திறந்து நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். வந்தவரே கைவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போவார். பிறகு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். நான் பட்டம் வாங்கியவள். பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த வருஷங்களையெல்லாம் காத்திருந்து, கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் படித்து வாங்கிய பட்டம். அப்படியும் தெளிப்பேன். தெளித்துவிட்டு, போதுமா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறையும் தெளிப்பேன்.

கணவர் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. மாலையில் வந்து காலைக் கழுவியதும் நேராகப் போய் உட்காருவது அந்த மேஜை முன்னால்தான். பிரிட்டிஷ் காலத்து அணாக்கள், ஜப்பான்காரன் காலத்தில் அச்சடித்தவை, மயில் போட்ட பர்மிய வெள்ளிகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அட்டையில் இருக்கும். இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. குடிக்கும் புருஷனைவிட இது மேல் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

குறை ஆரம்பித்தது அமெரிக்கக் காசு ஒன்று வந்த பிறகு. பழைய மிஷன் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வெளியே வந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஸ்காட் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு பர்மியப் பெண் வாங்கியிருந்தாள். அதில் ஒரு பெட்டி நிறையப் பித்தான்களும் பதக்கங்களும் இருந்தன. அடியில் கிடந்தது இது. வெளுத்த சாம்பல் நிறம், வட்டம், கையில் வைத்தால் கனமே இல்லை. ஒரு பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரி அதையும் ஒரு பியா மாதிரிதான் நினைத்து, கணவர் வாங்கிய மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

அது ஒரு 'மாதிரி நாணயம்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் புதுக் காசு போட நினைத்தால், இப்படி இருக்கலாமா அப்படி இருக்கலாமா என்று பார்க்கச் சிலவற்றை மட்டும் அடித்துப் பெரியவர்களுக்குக் காட்டுவார்களாம். செம்பில் அடிப்பார்கள், வெள்ளியில் அடிப்பார்கள். அந்தக் காலத்தில் அலுமினியம் எடுப்பது அரிது என்பதால் அதிலும் சிலவற்றை அடித்தார்களாம். பிடிக்கவில்லை என்றால் அதோடு சரி. கடைத்தெருவைப் பார்க்காமலே போன காசு. அதனால்தான் சேர்ப்பவர்கள் அதற்கு அலைகிறார்கள். என் கணவர் இதை எனக்கு விளக்கிய அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எங்கள் மகள் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதே, இது நியாயமான வார்த்தைதானா என்று யோசிக்கிறேன். எழுதியதை அடித்துவிட மனமில்லை.

மகளுக்கு இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே தொடங்கியது. குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்குமோ, எல்லோரும் சொன்னார்களே என்று வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டேனே அதனாலோ என்று எனக்குள் விசாரணை ஓயாது. தின்கன்ஜூனில் ஒரு பர்மிய லேடி டாக்டர் நன்றாகப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போவேன். அவர் ஒருநாள் ஒளித்து வைக்காமல் சொன்னார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைச் சீழ் அரித்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும்; இங்கே அதற்கான கருவிகள் சரியாக இல்லை, உங்கள் ஆட்கள் சென்னைக்குப் போவார்களே, அங்கே செய்தால் காது கேட்கும்; தள்ளிப்போட்டால் சீழை நிறுத்தலாம், கேட்பதைத் திருப்பித் தர முடியாது.

கணவர் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன, அந்தக் காசை வித்துடலாம்," என்றார். உடனே சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

விற்க ஆள் இல்லாமலும் இல்லை. ஓட்டல் கட்ட வந்த கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் பழங்காசு தேடுகிறார் என்று மார்க்கெட் கடைக்காரி அனுப்பிவைத்தாள். வந்தார், பார்த்தார், கேட்டார். அவர் போன பிறகு நான் ஆவலாக வந்து நின்றேன்.

"என்னங்க, குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"வெலை பத்தலையா?"

"வெலையப் பத்தி நான் பேசவே இல்ல. அவன் காசு மூஞ்சியிலேயே வெரலை வெச்சுட்டான். ஓரத்தைத்தான் புடிக்கணும். புடிக்கத் தெரியாதவன்கிட்ட எப்படிக் குடுக்கறது?"

"என்னமோ பொண்ணு கட்டிக் குடுக்கற மாதிரி பேசறீங்களே."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை ஆயிரம் கெடைப்பான். இது உலகத்துல எத்தனை இருக்கும்னு நெனைக்கிற?"

மகள் காதில் பஞ்சோடு அங்கேயே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது சரியாகக் கேட்டிருக்காது. அன்று அதற்காக நான் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் நச்சரித்தேன் என்பது உண்மை. சோறு போடும்போது கேட்டேன், சட்டை மடித்துக் கொடுக்கும்போது கேட்டேன். ஒருமுறை, "நீங்க குடுக்கலேன்னா நானே எடுத்துட்டுப் போயி அந்த வெள்ளைக்காரர்கிட்டக் குடுத்துடுவேன்," என்றும் சொன்னேன். சொன்னேனே தவிர, அவர் மேஜை இழுப்பறையைத் தொடும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. கடைசியில், வெள்ளைக்காரர் வேலை முடிந்து ஊருக்குப் போகப்போகிறார் என்று கடைக்காரி சொல்லி அனுப்பியதும், சரி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு என்றார் கணவர். நான் மகளுக்குப் புதுக் கவுன் தைக்க ஆரம்பித்தேன், விமானத்தில் போட்டுப் போக.

அந்த வாரம் இரண்டாம் மாடியில் இருந்தவர் இறந்துபோனார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய கோபக்காரர், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே கத்துவார். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கணவர் ஆபீசில் இருந்த நேரம். அத்தையின் மகன் மேலே வந்து வாசலில் நின்று நெற்றியைத் தொட்டான். நான் வழக்கம்போல் தகரப்பெட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். காசுகள் கொட்டிக் கிளறுகிற சத்தம் கேட்டது. போனதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் எரிக்கமாட்டார்கள், புதைப்பவர்கள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நான் தேநீர் கொண்டுவந்தபோது கணவர் மேஜைக்குப் போகவில்லை. அலமாரிக்கு மேலிருந்த தகரப்பெட்டியை எடுத்தார். எனக்குப் புரியவில்லை. மூடியைத் திறந்து உள்ளே துழாவினார். பிறகு தரையில் கவிழ்த்தார். பியாக்கள் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடின. மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெள்ளைக்காரர் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இதுல யாரு கை வெச்சா?"

"கீழ்வீட்டுல செத்தாங்கள்ல, அதுக்கு வந்து எடுத்தாங்க. ஏன், அந்தக் காசு மேஜையிலதானே இருக்கு?"

அவர் காலிப் பெட்டியை இன்னொரு முறை கவிழ்த்துத் தட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்து, காசை ஒரு மெல்லிய தாளில் சுற்றி, பியாக்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார். அலுமினியத்துக்குள் அலுமினியம். திருடன் வந்தாலும் தொடமாட்டான், பெண்டாட்டி தேடினாலும் கண்டுபிடிக்கமாட்டாள். சாவு வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளைக்காரரை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அத்தையின் மகன், தலை மழித்து, ஈரத் துண்டோடு வெளியே வந்தான்.

"அண்ணே, அடியில வெள்ளைத் தாளுல தனியா சுத்தி இருந்துச்சு. சாவுக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"மேல அத்தனை காசு இருந்துச்சேடா!"

"மத்ததெல்லாம் சதுரமும் பூ மாதிரியும் வெட்டி வெட்டி, ஒண்ணும் நெத்திக்குத் தோதா இல்ல. அதுலயும் எல்லாத்துலயும் சுதந்திரம் வாங்கின தளபதி மொகம். அவரு மவ பேரைச் சொன்னாலே சர்க்காருக்கு ஆகாது. சாவு வீட்டுக்கு வார்டு ஆபீசுக்காரனும் வந்து உக்காந்திருக்கான். பொணத்து நெத்தியில தளபதிய ஒட்டிவெச்சா அவன் என்ன அர்த்தம் பண்ணுவானோ? இதுல யாரோ அம்மன் மாதிரி உக்காந்திருந்தாங்க. நல்லதாப் போச்சுன்னு வெச்சோம்."

"வெச்சத எடுத்தீங்களா?"

"எப்படிண்ணே எடுக்கறது? அதோடதான் மூடினோம்."

கணவர் அவன் துண்டைப் பிடித்து உலுக்கினார். நான் இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். வெள்ளைக்காரர் போய்விட்டிருந்தார். ஒரு சீட்டில், ஊருக்குக் கிளம்ப இன்னும் சில நாள் இருக்கிறது, கிடைத்தால் கடையில் சொல்லுங்கள் என்று எழுதிவைத்திருந்தார்.

மறுநாள் கணவர் ஆபீசுக்குப் போகவில்லை. தோண்டி எடுக்க வேண்டும் என்றார். வெட்டியானைப் பார்த்துவிட்டு வந்தார். குடும்பத்தார் ஒப்புக்கொள்ளாமல் மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டானாம். "நீ போயி கேளு. பொம்பளைங்களுக்குள்ள பேசிக்கலாம். காதைப் பத்திச் சொல்லு, அழு," என்றார். மகளின் காதுக்காக அந்தக் காசை விற்க அவ்வளவு யோசித்தவர், அந்தக் காசுக்காக மகளின் காதைச் சொல்லி அழச் சொன்னார். எனக்கு இது அப்போதே உறைத்தது. ஆனாலும் போனேன். புருஷன் சொன்னதற்காக மட்டும் போகவில்லை. எனக்கும் அந்தக் காசு வேண்டியிருந்தது.

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா, உக்காரு. காபி போடச் சொல்லல. தீட்டு வீட்டுல நீ குடிக்கமாட்ட."

"குடிப்பேன் அத்தை."

"பொய் சொல்லாத. அன்னிக்கு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயி நீ தலைக்கு ஊத்திக்கிட்டது எங்க பைப்புல சலசலன்னு எறங்குச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கேக்க வந்ததைக் கேளு. எம் மவன் எல்லாம் சொன்னான்."

சொன்னேன். டாக்டர் சொன்னது, சென்னை, ஆபரேஷன் எல்லாவற்றையும். யாரும் சொல்லித்தராமலே அழுகை வந்தது. அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அதை வித்தா புள்ள காது சரியாயிருமா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாங்க."

"உம் புருஷன் விப்பானா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். விப்பானா? புள்ளைக்குன்னா தோண்டிக்க. இந்த மனுஷன் இருந்தவரைக்கும் என்னைத் தூங்க விட்டதில்ல, அவரை ஒருநாள் எழுப்பினா ஒண்ணும் குடி முழுகாது. வெட்டியான்கிட்ட நானே சொல்றேன், வார்டு ஆபீசுக்கு எம் மவன் போவான். ஆனா உம் புருஷன் திரும்பப் பொட்டியில வெச்சுப் பூட்டறதுக்குன்னா, ஒரு புடி மண்ணைத் தொட விடமாட்டேன். மேல போயி கேட்டுட்டு வா."

மேலே போனேன். கணவர் கதவருகிலேயே நின்றிருந்தார். அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எடுத்துட்டு வந்தா வித்துடுவீங்களா?"

"மொதல்ல எடுத்துட்டு வரட்டும்."

"வந்தா?"

"மண்ணுல கெடந்திருக்கு. ஈரத்துல அலுமினியம் அரிச்சிடும். என்ன நெலமையில இருக்குன்னு பார்க்கணும். அந்த வெள்ளைக்காரன் அவசரத்தப் பார்த்து அடிச்சுக் கேப்பான். கொஞ்ச நாள் வெச்சிருந்து, வெவரம் தெரிஞ்ச ஆளா பார்த்து…"

"எப்போங்க?"

"ஆமான்னு சொல்லிட்டு வாயேன்! அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியப்போவுது?"

மகள் பாயில் சீழ் வடியும் பக்கம் கீழாகப் படுத்திருந்தாள். அப்படிப் படுத்தால்தான் வலி குறைகிறது என்பாள். அவளைப் பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டினேன்.

படிக்கட்டில் இறங்கும்போது ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் காசு வெளியே வந்திருக்கும். வந்த காசை நான் வெட்டியான் கையிலிருந்தே வாங்கி, நேராக மார்க்கெட்டுக்கு ஓடியிருக்கலாம். இந்த வழி அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது பாத்திரம் கழுவும்போது, பஸ்சில் நிற்கும்போது, தினமும் தோன்றுகிறது. அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்தக் காசு மறுபடி அவர் கைக்கு வந்தால் வேறு எங்கேயோ ஒளியும், ஒருவரைக் குழியிலிருந்து எழுப்பியதுதான் மிச்சமாகும்.

"விக்கமாட்டார் அத்தை," என்றேன்.

"அப்ப இருக்கட்டும்," என்றார் அவர். என்னைச் சமாதானப்படுத்த ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்றே நினைக்கிறேன்.

கணவரிடம், ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என்னோடு நீண்ட நாள் பேசவில்லை. வெள்ளைக்காரர் ஊருக்குப் போனார். சீழ் அதிகமாகிக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, ரங்கூனிலேயே ஆபரேஷன் நடந்தது. செய்த டாக்டர் நல்லவர், கைராசிக்காரர். சீழ் நின்றது, வலி நின்றது. இந்தப் பக்கம் இனி கேட்காது என்று என்னிடம் சொன்னபோது, நான் தலையாட்டிவிட்டு, கட்டு மாற்ற அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். கணவர் அப்போது வெளியே சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பூட்டுப் போட அவ்வளவு நேரம் ஆகுமா என்று அப்புறம்தான் யோசித்தேன்.

என் பக்கம் சரியென்று நான் சாதிக்கவில்லை. ஒரு கிழவரின் குழியையும் என் வாய்ச் சொல்லையும் சுத்தமாக வைத்துக்கொள்ள, மகளின் காதைக் கொடுத்தேனோ? அவள் பெரியவளாகிக் கேட்டால் என்ன சொல்வேன்? அவளுக்காகப் பொய் சொல்லாத தாய் என்ன தாய்? ஒரு நாள் ஒரு பதில் தோன்றுகிறது, மறுநாள் அது பொருந்தவில்லை.

அவர் இன்னும் சேர்க்கிறார். நாணயம் பார்க்க யாராவது வந்தால், அட்டைகளையெல்லாம் காட்டி முடித்துவிட்டுக் கடைசியில் அந்தக் கதைக்கு வருவார். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரி நாணயங்களில் ஒன்று தன்னிடம் இருந்ததையும், அது இப்போது எங்கே கிடக்கிறது என்பதையும் அழகாகச் சொல்வார். "வீட்டுல பொம்பளைங்களுக்கு இதோட அருமை தெரியாதுங்க," என்று முடிப்பார். வந்தவர் உச்சுக்கொட்டுவார்.

போன வாரமும் ஒருவர் வந்திருந்தார். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. பென்சிலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். பர்மியக் குழந்தைகளைப் போல என்னை அவள் 'அமே' என்றுதான் கூப்பிடுவாள்.

"அமே, அப்பா என்ன சொல்றார்?"

"உனக்குக் கேக்கலையா?"

"ஏதோ காசுன்னு மட்டும் கேட்டுச்சு."

"அவ்வளவுதான்," என்றேன். "எழுது."